ஆசிரியர் குரல்

ஆசிரியர்க்குக் கருவி குரலே. பேசுங்கால் குரல்நாண்கள் ஆடவர்க்கு வினாடிக்கு ஏறத்தாழ 100 முறையும் மகளிர்க்கு 200 முறையும் அதிர்கின்றன. ஓயாது உரத்துப் பேசின் அவற்றிற் சிறு காய்ப்புகள் தோன்றக்கூடும், குரல் கம்மும். மூன்று வாரங் கழிந்தும் கம்மல் நீங்காவிடின், தொண்டை வைத்தியர் நேரிற் பார்த்தே ஆதல் வேண்டும்.

அதன்பின் வேண்டுவது குரற்பயிற்சி. கலகெதர ஆசிரியர் வாரந்தோறும் வகுப்பை விட்டுக் கண்டிக்குச் சென்று மீளல் எளிதன்று. பயிற்சியோ பெரும்பாலும் கேட்டலும் சொல்லலுமே. தொலைபேசித் திரைவழியும் அது நிகழலாம். பார்க்கின்சன் நோயாளர்க்கு 4 வாரத்தில் 16 முறை அளிக்கப்படும் லீ சில்வர்மன் பயிற்சியை, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் இணையவழி நடத்தி நற்பயன் கண்டனர்.

ஆயினும், தாய்மொழித் தொடர்களைச் சொல்லிப் பழகியே குரல் தேறும். அதற்குத் தமிழறிந்த சிகிச்சையாளர் வேண்டும். றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இத்துறையிற் பட்டம் வழங்குகின்றது. பழைய மாணவர்காள், நும் மக்களுள் ஒருவரையேனும் அங்கு அனுப்புவீராக! விழா மண்டபத்தினும் அது பெருங்கொடை.