இரைச்சலுக்கும் ஒரு பாட வேளை



அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் புலனத்தில் ஒரு காணொலி அனுப்பியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகருக்குச் சென்று, அங்கு நடந்த ‘ஜோக்ஜா நொய்ஸ் பாம்பிங்’ விழாவில் எடுத்ததாம். மேசைமீது சிறு சிறு பெட்டிகள்; பின்னிக் கிடக்கும் கம்பிகள்; ஓர் இளைஞர் தலைகுனிந்தபடி திருகுகளைத் திருப்புகிறார். எழும் ஒலியோ தகரத்தைத் தார்ச்சாலையில் இழுத்ததைப் போல! இரண்டு நிமிடங்களுக்கு மேல் என்னால் கேட்க இயலவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காணொலியின் கீழே ஒரு வரி: “ஐயா, என் வாழ்த்து அட்டை நினைவிருக்கிறதா?”

நினைவிருந்தது. அவர் அப்பொழுது ஐந்தாம் ஆண்டு மாணவர். திறந்தால் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக் கிழித்து, உள்ளிருந்த பித்தளை வில்லையை எடுத்து, பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கிப் பகுதியோடு இணைத்திருந்தார். வில்லையை மேசையில் ஒட்டி நகத்தால் கீறியபோது வகுப்பே அதிர்ந்தது. நான் என்ன செய்தேன்? பறிமுதல் செய்தேன், தந்தையை வரவழைத்தேன். தேர்வு ஆண்டு நெருங்கும் வேளையில் இது என்ன விளையாட்டு என்று கேட்டேன். பள்ளி மாறியபோது அந்தப் பொருள் எங்குப் போயிற்று என்றே தெரியவில்லை. அவரிடம் அதைத் திருப்பித் தரவே இல்லை.

அந்த வில்லை அதிர்வை மின்சாரமாகவும் மின்சாரத்தை அதிர்வாகவும் மாற்ற வல்லது. யோக்யகர்த்தா இளைஞர்கள் போன்றோர் அதையேதான் மலிவான ஒலிவாங்கியாகப் பயன்படுத்துகின்றனர். பதினொரு வயதுப் பையன் தானே கண்டுபிடித்ததை நான் அடாவடித்தனம் என்று எழுதி வைத்தேன்.

அந்நகரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். சுல்தானின் அரண்மனையும் கமேலான் இசையும் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் ஊர் அது. அங்கேதான் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இளைஞர்கள் சிலர், மேடைக்கும் அரங்குக்கும் காத்திராமல், பொது இடத்தில் மின் இணைப்பு கிடைத்தால் அங்கேயே கருவிகளைப் பொருத்தி வாசிக்கத் தொடங்கினர். சுவரோவியர்கள் அனுமதி கேளாமல் வண்ணம் தெளித்துச் செல்வதற்கு வழங்கும் சொல்லே ‘பாம்பிங்’. அதையே தங்கள் செயலுக்கும் பெயராக்கிக்கொண்டனர். (பொது மின்சாரத்தை இப்படி எடுப்பதை நான் மாணவர்க்குப் பரிந்துரைக்கவில்லை!) பின்னர் அதுவே அயல்நாட்டினரும் வந்து வாசிக்கும் விழாவாக வளர்ந்தது.

அதே ஊரில் 2007-இல் தோன்றிய ‘யெஸ் நோ வேவ்’ என்னும் வெளியீட்டகம் இசைத்தொகுப்புகளை இணையத்தில் இலவசமாகவே வழங்கியது. 2010-இல் உருவான ‘செஞாவா’ இருவர் குழு. ருல்லி ஷபாரா குரலால் உறுமுவார், கீச்சிடுவார், ஓதுவார். வுகிர் சுர்யாடி பருத்த மூங்கில் ஒன்றில் அதன் தோலையே நரம்பாகச் சீவி எழுப்பி, மின்னொலிபெருக்கியில் இணைத்து வாசிப்பார். 2021-இல் அவர்களது ‘அல்கிசா’ தொகுப்பை உலகெங்கும் 44 சிறு வெளியீட்டகங்கள் ஒரே வேளையில் வெளியிட்டன. ஒரு பெரிய நிறுவனத்தின் கையில் ஒப்படைக்காமல் பலரோடும் பகிர்ந்துகொண்டார்கள். இவர்களின் இசையை மட்டும் நான் முழுமையாகக் கேட்டேன். மூங்கிலின் ஒலி இன்னும் காதில் நிற்கிறது.

‘இது இசையா?’ என்று சில பெற்றோர் கேட்பர். உறுமி மேளத்தையும் நம்மில் சிலர் இரைச்சல் என்றுதானே ஒதுக்கினோம்? குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகலைப் பழகிய காது அறியும். பழகாத காது அஞ்சும். ஆயினும் என் கவலை அதுவன்று. அந்த இளைஞர்கள் தங்கள் கருவியைத் தாங்களே செய்கிறார்கள். நம் பிள்ளைகளோ கைப்பேசியில் ஆயிரம் பாடல் கேட்கிறார்கள். ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு ரெக்கோர்டர் வாசிக்கக் கற்றுத் தந்தார்கள். அதையே நானும் கற்றுத் தந்தேன். அதுவும் இசைக்கல்விப் பாட வேளையைக் கணிதத்திற்குக் கடன் கொடுத்தது போக எஞ்சிய நாள்களில். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. கடன் கொடுக்கும் வழக்கம் மட்டும் நீங்கவில்லை. ஐந்தாம் ஆண்டு அறிவியலில் தொடர் மின்சுற்றும் இணை மின்சுற்றும் வருகின்றன. விளக்கு எரிந்தால் பாடம் முடிந்தது என்று ஏன் நிறுத்த வேண்டும்? விளக்கை எடுத்துவிட்டு ஒலிப்பானைப் பொருத்திப் பாருங்கள். பின்வரிசை மாணவரும் எழுந்து வருவார். வகுப்பு அமளிப்படும், பக்கத்து வகுப்பாசிரியர் முகம் சுளிப்பார். நாற்பது நிமிடந்தானே!

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடும் வாழ்த்து அட்டைகள், பழுதான விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றைக் குப்பையில் எறியாமல் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். மின்கலத்தில் இயங்குபவை மட்டும் போதும். சுவர் மின்சாரத்தில் இயங்கும் எதனையும் பிள்ளைகள் திறக்க வேண்டா.

அந்த மாணவருக்கு நான் அன்றே மறுமொழி எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை ஐயா, அப்பாதான் அன்று மிகவும் அழுதார்” என்று எழுதியிருந்தார். எனக்கு அது தெரியாது. விடுமுறையில் ஒருநாள் பள்ளிக்கு வந்து மாணவர்களுக்கு ஒலிவாங்கி செய்யக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாழ்த்து அட்டை வாங்கும் செலவு என்னுடையது.