குருதி தோய்ந்த ஒரு படமும் பதினாறு ஆண்டுகளும்

வாட்டர் போலோ என்றதும் உலகம் நம்முன் நீட்டுவது ஒரே ஒரு புகைப்படத்தைத்தான். 1956 டிசம்பர் 6, மெல்போர்ன் ஒலிம்பிக். சோவியத் வீரர் புரோகோபோவ் தாக்கியதில் கண்ணருகே கிழிபட்டு, முகத்தில் குருதி வழிய நிற்கிறார் ஹங்கேரியின் எர்வின் ஸாடோர். புடாபெஸ்ட் எழுச்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கி ஒரு மாதமே கடந்திருந்த வேளை. அப்படம் ஒரு தேசத்தின் குறியீடாகிப்போனதில் வியப்பில்லை. அக்குறியீடு ஓர் ஆட்டத்தையே விழுங்கி ஏப்பம் விட்டதுதான் நமது குற்றச்சாட்டு.

அன்று ஹங்கேரி 4-0 என வென்றது. அவற்றில் இரண்டு கோல்கள் ஸாடோர் அடித்தவை. இதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஹங்கேரியரும் வசைபாடினர், குத்துவிட்டனர் என்பதையும் அப்படம் சொல்வதில்லை. தூய பலியாள் ஒருவரே பொதுப்புத்திக்குப் போதுமானதாக இருக்கிறது.

அவ்வணியின் தலைவர் டெஷோ ஜார்மாட்டியை எடுத்துக்கொள்வோம். 1948 லண்டனில் வெள்ளி. 1952 ஹெல்சிங்கியில் தங்கம். 1956-இல் மீண்டும் தங்கம். 1960 ரோமில் வெண்கலம். 1964 டோக்கியோவில், முப்பத்தாறு வயதில், மூன்றாம் தங்கம். குளத்தின் அடியில் காலூன்றக் கூடாது, கோல்காவலரைத் தவிர எவரும் இரு கைகளால் பந்தைப் பற்றக் கூடாது என்பது இவ்வாட்டத்தின் விதி. ஜார்மாட்டியோ இடக்கை, வலக்கை இரண்டாலும் எறிய வல்லவர். எக்கையிலிருந்து பந்து வரும் என்றறியாமல் தடுப்பவர் திகைக்க வேண்டியதுதான். பின்னர் அவர் பயிற்றுவித்த அணி 1976 மான்ட்ரியலில் தங்கம் வென்றது. பதினாறு ஆண்டுகள் நீரில் நின்று ஈட்டிய இக்கலைக்கு, ஒரு நொடி வடிந்த குருதிக்குக் கிடைத்த கவனத்தில் நூறிலொரு பங்காவது கிடைத்ததா?

ஸாடோரின் கதை இன்னும் துயரமானது. காயத்தால் அவர் இறுதியாட்டத்தில் இறங்கவில்லை. யூகோஸ்லாவியாவை 2-1 என வென்று அணி தங்கம் பெற்றதும், தாயகம் திரும்பாது அமெரிக்கா சென்றார். இருபத்திரண்டு வயதில் அவரது உச்சம் முடிந்தது. பின்னர் நீச்சல் பயிற்சியாளராகி, இளம் மார்க் ஸ்பிட்சுக்குப் பயிற்சியளித்தார். ஆனால் 2012-இல் அவர் மறைந்தபோதும் உலகம் நினைவுகூர்ந்தது அந்தக் கிழிபட்ட முகத்தைத்தான்.

அரசியலை விளையாட்டிலிருந்து பிரித்துவிடுங்கள் என்று நாம் கோரவில்லை. அது இயலாது, நேர்மையுமன்று. ஆயினும் உருவகம் தேடும் அவசரத்தில் மனிதரின் தொழில்திறனைத் தொலைக்கும் எழுத்தை நாம் ஏற்பதற்கில்லை. காயத்தை மட்டுமே காணும் கண், அந்த நான்கு கோல்களை ஒருபோதும் காணப்போவதில்லை.