தன்வரலாறு: சான்றா, வழக்குரையா?

பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தது பாண்டியன் செய்த பிழை. தன்வரலாறுகளை ஆராயும் நாமும் அப்பிழையையே செய்துவருகிறோம். எழுதியவர் கூற்றையே சான்றாகக் கொண்டு அவர்தம் நேர்மையை நிறுவிவிடுகிறோம்.

தம் குறைகளை மறைக்காது எழுதியவர் நேர்மையாளர் என்பது நம் துறைகளில் வழங்கும் அளவுகோல். இதற்குக் கண்ணதாசனின் 'வனவாசம்' தவறாது எடுத்துக்காட்டப்பெறும். அவர் தம் பலவீனங்களை ஒளிக்கவில்லை என்பது உண்மையே. ஆயின், 1961இல் தி.மு.க.விலிருந்து விலகிய ஒருவர் தம் பழைய தோழர்களைப் பற்றி எழுதிய நூலும் அதுவே. தன்னை 'அவன்' எனப் படர்க்கையில் நிறுத்திக் குற்றம் சாட்டுபவர், பிறரைக் குற்றம் சாட்டும் உரிமையையும் உடன் பெற்றுவிடுகிறார். மு. கருணாநிதியின் 'நெஞ்சுக்கு நீதி'யோ தலைப்பிலேயே நீதி கோருகிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு அக்கால அரசியலை எழுதுவது ஆய்வாகாது. ஒரு தரப்புக்கு வழக்காடுவதாகும்.

அரசியலாரை விடுத்துப் புலமையுலகை நோக்குவோம். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்து, 1942இல் அவர் மறைவால் முற்றுப்பெறாது நின்றது. சிந்தாமணியைத் தமக்குத் தருமாறு சி.வை. தாமோதரம் பிள்ளை வேண்டியதும் தாம் இணங்காததும் அதில் கூறப்படுகின்றன. தாமோதரம் பிள்ளை 1901இலேயே மறைந்தவர். மறுமொழி கூற அவர் இல்லை. உ.வே.சா. பொய்யுரைத்தார் என்பது என் கருத்தன்று. சிந்தாமணி அச்சேறியது 1887இல். அதன்பின் அரை நூற்றாண்டு கடந்து எழுதப்பட்ட ஒரு தரப்பின் நினைவு அது என்பதே என் கருத்து. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. என் முனைவர் பட்ட ஆய்வில் நான் அவற்றைப் புரட்டவில்லை. 'என் சரித்திர'த்தை மேற்கோள் காட்டி அமைந்தேன். வாய்மொழித் தேர்விலும் எவரும் அதுபற்றி வினவவில்லை. பட்டம் கிடைத்தது.

அங்ஙனமாயின் ஒடுக்கப்பட்டோர் தன்வரலாறுகளையும் ஐயுற வேண்டுமோ என வினவலாம். அவற்றுக்கும் அளவுகோல் இதுவே. ஆனால் அங்கே எதிர்த்தரப்பின் குரல் ஏடுகளிலும் அரசு ஆவணங்களிலும் நெடுங்காலமாக நிறைந்துள்ளது. விடுபட்டிருந்த தரப்பைத்தான் அந்நூல்கள் நிரப்புகின்றன. பாமாவின் 'கருக்கு' (1992) தாம் சார்ந்த திருச்சபையையும் வினாவுக்கு உள்ளாக்கியது. அந்நூலால் அவர் சொந்த ஊராரின் சினத்தையும் ஏற்க நேர்ந்தது. பெங்களூரில் கன்னடம் பயிற்றிய சித்தலிங்கையாவின் 'ஊரு கேரி', பாவண்ணன் மொழிபெயர்ப்பில் தமிழுக்கும் வந்தது. அதில் ஆசிரியர் தம்மையே நகைப்புக்கு உரியவராக்குகிறார். எவரிடமும் தீர்ப்பு வேண்டவில்லை.

எனவே, குறையை ஒப்புக்கொண்டாரா என்னும் வினா போதாது. அவ்வொப்புதலால் அவர் பெற்றது என்ன, இழந்தது என்ன, மறுமொழி கூற இயலாதவர் யார் என்பனவும் வினவப்பட வேண்டும். தன்வரலாறு பற்றிய ஒவ்வோர் ஆய்வேட்டிலும் எதிர்த்தரப்பு ஆவணங்களுக்கென ஓர் இயல் கட்டாயமாக்கப்பட வேண்டும். கண்ணகி கூறியது உண்மையே. எனினும் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பின்னரே அது நிறுவப்பட்டது. நம் ஆய்வேடுகளில் இன்னும் எவரும் சிலம்பை உடைக்கவில்லை.