புழக்கடை வெங்காயம்

வெங்காயம் விலை ஏறுகிறபோதெல்லாம் நம் பத்திரிகைகளுக்குப் புதிதாக ஞானோதயம் உண்டாகிறது. 1998-ஆம் வருஷத்தில் டில்லி சட்டசபைத் தேர்தலையே இந்தப் பண்டம் ஆட்டிவைத்தது. 2019-ஆம் வருஷக் கடைசியில் சென்னையில் பெரிய வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டிற்று. அவ்வருஷம் செப்டம்பரிலும், மறுபடி 2023 டிசம்பரிலும் இந்திய சர்க்கார் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். வாங்குகிறவர்களுக்கு அது ஆறுதல்; பயிரிட்டவனுடைய கதி என்ன என்று விசாரித்தவர் சிலரே. விளைவு பெருகினால் பறிக்கிற கூலிக்கும் காணாது. விலை ஏறும் சமயத்தில் அவன் கையில் சரக்கிராது. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது, பத்திரப்படுத்தி வைக்கும் வித்தை. அதை நம் புழக்கடையிலேயே சிறிது பழகிப் பார்க்கலாமே என்பது நமது எண்ணம்.

வெங்காயம் சமையலறைக்குள் வரக்கூடாதென்று ஆசாரம் பார்க்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், நமக்கு வருத்தமில்லை.

வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது சின்ன வெங்காயமே. பெரியதற்கு விதை தெளித்து, நாற்று வளர்த்து, பிடுங்கி நடவேண்டும். சின்னதில் காயையே நட்டால் அது கிளைத்து ஐந்தாறு காயாகும். ஆனால் நேற்றுப் பறித்ததை இன்று நடுவதில் பிரயோசனமில்லை. பறித்த காய்க்கு ஓர் உறக்கம் உண்டு. ஒன்றரை இரண்டு மாதம் வைத்திருந்து நட்டால்தான் ஒருசீராக முளைக்கும். சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நடுவது வழக்கம். நீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் மட்கிய தொழுவுரம் கலந்து, நுனி வெளியே தெரியும்படி, நான்கு விரற்கடை இடம் விட்டு ஊன்றவேண்டும். நட்டவுடன் ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். அப்புறம் மண் காய்வதைப் பார்த்து வாரம் ஒரு முறை. தாளில் வெள்ளிநிறக் கீறல் கண்டால் இலைப்பேன் வந்துவிட்டதென்று அறிக. தண்ணீரை வேகமாகப் பீச்சினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சமையலுக்கு அடிக்கடி தாளைக் கிள்ளுவது நம் சகோதரிகளின் வழக்கம். தாள் குறைந்தால் காய் சிறுக்கும். ஓரத்தில் நாலு செடியை அதற்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது.

70 முதல் 90 நாளில் தாள் மஞ்சளித்துச் சாயும். சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் அநேகர் அவசரப்படுகிறார்கள். கழுத்து பச்சையாயிருக்கும்போதே அறுத்தால், அந்த வாய் வழியாக அழுகல் நுழைகிறது. தாளோடு பிடுங்கி, மண்ணை உதறி (கழுவவே கூடாது), காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம், பத்து நாள் பரப்பிவைத்து, கழுத்து சருகாய்ச் சுருங்கின பிறகே 2 சென்டிமீட்டர் விட்டு அறுக்கவேண்டும். அறுக்காமல் கொத்தாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவது அதனினும் மேல்.

பெரம்பலூர், திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் இதற்கென்று பட்டறை போடுவார்கள். தரையிலிருந்து உயர்த்திய தளம், பக்கங்களில் காற்றுப் புகும் தட்டி, மேலே கீற்று. அகலத்தை மட்டும் குறுகலாக வைப்பார்கள்; நடுவிலுள்ள காய்க்கும் காற்றுப் படவேண்டுமல்லவா? நம் வீட்டுக்கு ஒரு மூங்கில் கூடையோ வலைப்பையோ போதும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் வேர்த்து அழுகும். உருளைக்கிழங்கை அருகில் சேர்க்கலாகாது. வாரம் ஒரு தரம் கிளறி, கெட்டதைப் பொறுக்கி எறியவேண்டும்.

ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 150 கிராம் நட்டு, ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ எடுத்தால் நல்ல விளைவு. நாலு பேருள்ள குடும்பத்துக்கு இது சில நாள் சாம்பாருக்குத்தான் காணும். அதிலும் 150 கிராம் நல்ல காயாகப் பொறுக்கித் தனியே தொங்கவிட்டால், ஐப்பசி நடவுக்குக் கடைக்கு ஓடவேண்டியதில்லை.