வான் அண்ணையின்ர பெயின்ற்

போன ஆடியில எங்கட பட்ச் கசூரினாவுக்குப் போனபோது, வானுக்குப் பக்கத்தில் நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டிப் பந்தல் போட்டோம். ஒரு கரை வான் கூரையில், மறு கரை மணலில் நட்ட இரண்டு தடியில். பின்னேரம் அவிழ்த்துப் பார்த்தால் ஜன்னலுக்கு மேல் பெயின்ற் உரஞ்சி வெளிறிக் கிடக்குது. சோளகம் அடிக்க அடிக்க, இடையில் போன மணல் சாண்ட் பேப்பர் வேலை பார்த்திருக்கு. தறப்பாளின் இரும்பு வளையங்கள் போட்ட கீறல் வேற. வான் அண்ணை ஒன்றும் பேசவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினபிறகு பழைய வான்களுக்கே யானை விலையாய் இருந்தது. அண்ணை வீட்டுச் சோறே அந்த வான்தான். கீறல் தகடு வரைக்கும் போனால் உப்புக்காற்றில் கறள் பிடிக்கும், விற்கிற விலையும் இறங்கும்.

பந்தல் வாங்கும்போது 'மழை ஒழுகுமா' என்று மட்டும் கேட்கிறது பிழை என்கிறோம். வானில் எங்க முட்டுது என்றும் கேட்க வேணும். தன் காலில் தானே நிற்கிற பந்தல் திறம். கொழுவத்தான் வேணுமெண்டால் பழைய வான்களின் கூரைப் பீலியில் கொழுவலாம். இடையில் துவாய் வைச்சால் காணும் எண்டு நினைக்காதேங்கோ, அதுக்குள்ளயும் மணல் போகும். இழுத்துக் கட்டுங்கோ, தொய்ஞ்சால் காற்றுக்கு அடிபடும். மண்பட்ட வானைத் துணியால துடைக்க முதல் தண்ணி ஊற்றுங்கோ.

பெயின்ற் காசைச் சேர்த்துக் குடுத்தோம். 'அது முதலே இருந்த கீறல்' எண்டு பட்ச்சில் சிலர் இன்னும் சொல்லுகினம். இல்லை.