முடிவெடுக்கும் முன் கேளுங்கள்

பீர் நிறுவனமான ஆன்ஹைசர்-புஷ் இன்பெவின் தலைமைச் செயல் அதிகாரி மிஷெல் டூகெரிஸ் அவர்களுக்கு,

2021இல் நீங்கள் பொறுப்பேற்பதற்கு வெகு முன்பே உங்கள் நிறுவனம் ஆட்குறைப்பில் கைதேர்ந்துவிட்டது. 2008இல், வெறும் இன்பெவாக இருந்தபோது, அமெரிக்காவின் ஆன்ஹைசர்-புஷ்ஷை 5,200 கோடி டாலருக்கு வாங்கிய சூட்டோடு 1,400 வேலைகளுக்குக் கத்தரி விழுந்தது. அதில் முக்கால் பங்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில். 2016இல் போட்டி பீர் நிறுவனமான எஸ்ஏபி மில்லரை வாங்கியபோது ஏறத்தாழ 5,500 பேர். ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, செலவுக்குக் காரணம் காட்ட வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். பயணப்படிக்கும் காகிதத்துக்கும் அது சரி. ஆட்களுக்கும் அதே கோல்தானா?

ஹூகார்டனை மறந்திருக்க மாட்டீர்கள். பெல்ஜியத்தின் அந்தச் சிற்றூரில் கடைசி வெண்பீர் ஆலையும் 1950களில் மூடப்பட்டது. பியர் செலிஸ் என்ற பால்காரர் 1960களில் அந்த பீரை மறுபடி வடிக்கத் தொடங்கினார். கோதுமை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், நம் ரசப்பொடியில் சேர்கிற அதே கொத்தமல்லி விதை. பின்னாளில் அது உலகமெங்கும் விற்றது. 2005இல் அன்றைய இன்பெவ், ஊர் ஆலையை மூடிவிட்டு உற்பத்தியை ஜூபீல் பேராலைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. ஊர் கொதித்தது. ஜூபீலிலோ சுவை எளிதில் கைகூடவில்லை. 2007இல் நிறுவனமே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பக்குவம் எழுதிய தாளோடு கைப்பழக்கமும் லாரி ஏறி வந்துவிடாது. வேதிப்பொறியியல் படித்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனாலும் 2010 ஜனவரியில், மேற்கு ஐரோப்பாவில் உங்கள் ஊழியர்களில் பத்தில் ஒருவரைக் குறைக்கத் திட்டம் வந்தது. தொழிலாளர்கள் ஆலை வாயிலை மறித்தார்கள், பெல்ஜியத்தில் பீர் தட்டுப்பாடு வந்தது, திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

விற்பனை சரிந்தாலும் எல்லா ஆலைகளையும் ஓட்டியே ஆக வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. (மதுவிலக்குக் குரல் ஓயாத ஊரிலிருந்து எழுதுகிறேன், குடி குறைந்தால் எனக்கு வருத்தமில்லை.) கேட்பது ஒன்றே. 1997இல் வில்வோர்டெ கார் ஆலையை மூடப்போவதாக ரெனோ திடீரென அறிவித்த அதிர்ச்சியில் பெல்ஜியம் மறு ஆண்டே ஒரு சட்டம் செய்தது. கூட்டமாக ஆட்களை நீக்கும் எண்ணமிருந்தால், முடிவெடுக்கும் முன்பே தொழிலாளர் பிரதிநிதிகளிடம் சொல்லி, அவர்களுடைய மாற்று யோசனையைக் கேட்டாக வேண்டும். உங்கள் தலைமையகம் இருக்கும் லூவனில் இது கட்டாயம். சட்டம் கேட்காத நாடுகளிலும் நீங்களாகவே இதை ஏற்று, அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு பத்திரிகையாளன்