உயரத்தில் கைப்பழக்கம் வேண்டும்

பயணிகள் விமானம் 35,000 அடியில் சீராகப் பறந்துகொண்டிருக்கும் நேரம்தான் பயணத்திலேயே ஆபத்து குறைந்த கட்டம். ஆனால் அந்த உயரத்தில் விமானத்தைக் கையால் ஓட்டிப் பழகும் வாய்ப்பு விமானிகளுக்கு அநேகமாக இல்லை. 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை, ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் விமானங்களுக்கிடையே 1,000 அடிதான் இடைவெளி. உயரம் பிசகக் கூடாது என்பதால் அங்கே ஆட்டோபைலட்டே ஓட்ட வேண்டும் என்பது விதி. நல்ல விதி, அதை மாற்றச் சொல்லவில்லை. வேகத்தை மிகவும் கவனமாகக் காக்க வேண்டிய இடத்தில் விமானியின் கைக்கு வேலையே இல்லாமல் போவதுதான் இதன் மறுபக்கம். அந்தக் குறையை விமான நிறுவனங்கள் தங்கள் செலவில், சிமுலேட்டர் பயிற்சியில் ஈடுகட்டியாக வேண்டும்.

அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விமானம் மணிக்கு சுமார் 870 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் வேகமானி 500 கிலோமீட்டர் அளவில்தான் காட்டும். இறக்கைக்குக் கிடைக்கும் காற்றின் பலமும் அவ்வளவுதான். வேகம் மிகக் குறைந்தால் இறக்கையை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து, விமானம் விழத் தொடங்கும். ஸ்டால் என்பது இதைத்தான். வேகம் மிகக் கூடினால் இறக்கைமேல் அதிர்வலை உண்டாகி விமானம் குலுங்கும். மேலே போகப் போக இந்த இரு எல்லைகளும் நெருங்கி வருகின்றன. என்ஜின்களிடமும் அங்கே மிச்சபலம் அதிகம் இருக்காது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், முழு விசை கொடுத்தும் பயன் இல்லாமல், உயரத்தைக் கொடுத்துத்தான் வேகத்தை வாங்க வேண்டியிருக்கும். 2005 ஆகஸ்டில் வெனிசுலாவில் விழுந்த வெஸ்ட் கரீபியன் விமானத்தில், உயரத்தைப் பிடித்துவைக்க ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிக்கொண்டே போக, வேகம் கரைந்துகொண்டே வந்தது. 160 பேர் இறந்தார்கள்.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் கடைசி நிமிடங்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். அட்லாண்டிக் மேல், இரவில், 35,000 அடியில் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. காற்றின் அழுத்தத்தை அளந்து வேகம் சொல்பவை அந்தக் குழாய்கள்தான். வேக அளவுகள் முரண்பட்டதும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. அளவுகள் பிசகியிருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான். அதுவரை மூக்கின் கோணத்தையும் என்ஜின் விசையையும் இருந்தபடியே வைத்திருந்தால் விமானம் தன்பாட்டில் போயிருக்கும். ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி மூக்கைத் தூக்கினார். விமானம் 38,000 அடி வரை ஏறி, வேகத்தை இழந்து, ஸ்டாலானது. அதன்பிறகு நடந்ததுதான் மிகக் கொடுமை. வேகம் மணிக்கு சுமார் 110 கிலோமீட்டருக்குக் கீழே காட்டியபோதெல்லாம் கணினி அந்த அளவை நம்பாமல் ஸ்டால் எச்சரிக்கையை நிறுத்தியது. மூக்கைத் தாழ்த்தியதும் அளவு மீண்டு எச்சரிக்கை ஒலித்தது. சரியானதைச் செய்தால் அலறல், தவறானதைச் செய்தால் அமைதி. ஆட்டோபைலட் விலகிய 4 நிமிடம் 23 விநாடியில் விமானம் கடலில் மோதியது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதிக உயரத்தில் கையால் ஓட்டவோ, வேகமானியை நம்ப முடியாதபோது செய்ய வேண்டியதைச் செய்யவோ அந்த விமானத்தின் துணை விமானிகளுக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை என்று பிரான்சின் விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ 2012 அறிக்கையில் எழுதியது.

கோளாறு குழாயில்தானே, அதை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். மாற்றத்தான் செய்தார்கள். 2009 ஆகஸ்டிலேயே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை உத்தரவே போட்டது. ஆனால் 2014 டிசம்பர் 28 அன்று சுரபயாவிலிருந்து சிங்கப்பூர் போன ஏர்ஏசியா விமானத்தின் வேகமானியில் கோளாறு ஏதும் இல்லை. சுக்கான் தொடர்பான ஒரு மின்னணுக் கோளாறைச் சரிசெய்யப் போய் ஆட்டோபைலட் விலகியது. அங்கேயும் மூக்குத் தூக்கப்பட்டது, அங்கேயும் சுமார் 38,000 அடி வரை ஏற்றம், ஸ்டால், 162 உயிர்கள். பின்னோக்கிப் போனால் 1974 டிசம்பர் 1 அன்று நியூயார்க் மாநிலத்தில் விழுந்த நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 727. பிட்டோ குழாயின் சூடேற்றியைப் போடாததால் பனி அடைத்து, வேகமானி பொய்யாக ஏறிக்கொண்டே போனது. வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கியதில் அந்த விமானமும் ஸ்டாலாகி விழுந்தது. விமானமும் காலமும் கோளாறும் வேறு வேறு. திகைத்த கை செய்தது மட்டும் ஒன்றே.

கணினி ஓட்டுவதால்தானே விபத்துகள் குறைந்தன என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. கணினி விலகிக்கொள்ளும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியே பேசுகிறேன். அது அபூர்வமாக வருவதால்தான் பழக்கம் தானாக உண்டாவதில்லை. விதிகள் வந்துவிட்டனவே என்பார்கள். ஆம், நம்பகமான வேக அளவு இல்லாமல் ஓட்டுவதும் முழு ஸ்டாலிலிருந்து மீட்பதும் 2019 மார்ச் முதல் அமெரிக்க விமான நிறுவனங்களின் விமானிகளுக்குக் கட்டாயப் பயிற்சி. ஆனால் இன்று இந்தப் பாடம் என்று சொல்லிவிட்டு நடத்தும் பயிற்சியில் கை சரியாகத்தான் செய்யும். திகைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது, அது முன்னறிவிப்போடு வருவதில்லை. ஆகவே வேறொரு பாடத்தின் நடுவே, சொல்லாமல் கொள்ளாமல் வேகமானியை அணைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு இது இன்னும் அவசரம். 2023-ல் மட்டும் இண்டிகோவும் ஏர் இந்தியாவும் சேர்ந்து 970 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. இங்கே 200 மணி நேரம் பறந்தவர் வணிக விமானி உரிமம் பெறலாம். அந்த மணி நேரங்களைத் தரும் சிறு பயிற்சி விமானங்கள் 35,000 அடியின் பக்கமே போகாதவை. சிமுலேட்டர் நேரத்துக்குச் செலவாகும் என்று நிறுவனங்கள் முகம் சுளிக்கலாம். நூற்றுக்கணக்கில் விமானம் வாங்க முடிந்தவர்களால் அதற்கும் பணம் ஒதுக்க முடியும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த உயரத்தில், முன்னறிவிப்பின்றி என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் எழுத்தில் வைத்து, நடந்ததா என்று தணிக்கை செய்யட்டும்.